குளவிக்கூட்டு நிரை

ராக்கம்மா போட்ட வட்டத்தில் ஒரு சருகு கிடந்ததாக வேலையை மேற்பார்க்கும் எந்த மண்டோரும் சொன்னதில்லை. மலேசியாவில் கோலா பிலாவுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் பாதி ஆயுசு உரம் போட்டவள் அவள். மரத்தைச் சுற்றிப் புல்லையும் சருகையும் மண்வெட்டியால் சுரண்டித் தரையை வெறுமையாக்க வேண்டும். பிறகு வாளியிலிருந்து மங்கு என்னும் கிண்ணத்தால் உரத்தை அள்ளி, நடந்துகொண்டே வட்டமாக வீச வேண்டும். மண்டோர் மாயாண்டி பின்னால் வந்து செருப்புக் காலால் தரையைத் தேய்த்துப் பார்ப்பார். சருகு தட்டுப்பட்டால் அந்த மரத்தை மறுபடி செய்ய வேண்டும். ராக்கம்மாவின் நிரைப் பக்கம் அவர் வருவதையே விட்டுவிட்டார்.

தோட்டம் கைமாறியபோது வேலையும் வீடும் போயின. அவளும் கணவர் வீரமுத்துவும் இருந்ததைப் போட்டு மூன்று ஏக்கர் வாங்கினார்கள். பழைய கொக்கோ மரங்கள் நின்ற நிலம். முன்பிருந்தவர் காய் பறித்ததோடு சரி; ஒரு பிடி உரம் போட்டதில்லை. இலைகள் வெளிறிக் கிடந்தன. காய்கள் விரல் தடிமனில் நின்றுபோயின.

வெட்டித் தள்ளிவிட்டுச் செம்பனை நடலாம் என்று வீரமுத்து முதல் நாளே சொன்னார். ராக்கம்மா ஒப்பவில்லை. செம்பனைக் குலையை அவளால் வெட்டவும் முடியாது, சுமக்கவும் முடியாது. நட்டால் ஆள் வைத்துத்தான் வெட்ட வேண்டும். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கொக்கோ தண்டிலேயே காய்க்கிறது, கைக்கு எட்டுகிறது. ஒருத்தி தனியாகப் பறித்து, உடைத்து, காயவைக்கலாம். தன் கையால் செய்ய ஒரு வேலை வேண்டும் என்றாள். தீபாவளி வரைக்கும் பார் என்று சொல்லிவிட்டு, வீரமுத்து சிரம்பானில் காவல் வேலைக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்.

பிப்ரவரியில் அவள் உரம் போட்டாள். தெரிந்த விதத்தில்தான் போட்டாள். ஓடைப் பக்கத்தை மட்டும் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, மற்ற ஒவ்வொரு மரத்தின் அடியையும் தரை பளிச்சென்று தெரியும்வரை சுரண்டினாள். சருகையெல்லாம் வேலியோரம் கொண்டுபோய்க் குவித்தாள். மங்கு நிறைய நீலக் குருணை உரத்தை அள்ளி வீசினாள். கடைசி நிரையில் மட்டும் ஒரு கிளையில் குளவிக்கூடு தொங்கியது. அங்கே சுரண்டப் போனபோது காதோரம் ஒன்று கொட்டிவிட்டது. அந்த நிரைக்குத் தள்ளி நின்று, சருகின் மேலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிவிட்டு வந்தாள். அரைகுறை வேலை செய்ததில் அவளுக்கு வெட்கம்.

வெயில் காய்ந்தது. மார்ச்சில் இலைகளின் ஓரம் தீய்ந்து சுருண்டது. பிஞ்சுகள் கறுத்துத் தண்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றன. முன் நிரைகள் மூன்றிலும் மரங்களே பட்டுப்போயின.

வீரமுத்து ஒரு மரத்தின் இலையைப் பறித்துக் கையில் நொறுக்கினார்.

“இத நீ என்னான்னு நெனச்ச, செம்பனைன்னா? சோறு போட்டே கொன்னுட்டியே லா.”

“தீபாவளி வரைக்கும்னு சொன்னீங்க. இன்னும் வரல.”

மண்வாரி இயந்திரம் வைத்திருந்த திருச்செல்வத்திடம் அவர் அன்றைக்கே பேசிவிட்டார். தீபாவளி முடிந்த வாரம் வந்து எல்லாவற்றையும் தள்ளிவிட வேண்டும். மிச்ச உரமூட்டைகளைத் தொடாதே, செம்பனைக்கு ஆகும் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அவள் நிலம் முழுக்க நடந்தாள். ஓடைப் பக்கம் உரமே போடாத மரங்கள் பழையபடி வெளிறி நின்றன. குளவிக்கூட்டு நிரை மட்டும் கரும்பச்சையாக இருந்தது. தண்டில் பூ, பூவுக்குப் பக்கத்தில் பிஞ்சு. குளவியை மறந்து அவள் அடியில் உட்கார்ந்தாள். சருகைக் கையால் விலக்கினாள். ஈரம். ஈரத்துக்குள் வெள்ளை வெள்ளையாக நூல்போல வேர்கள், மண்ணுக்குள் போகாமல் சருகுக்குள்ளேயே ஏறியிருந்தன. ஒரு குருணைகூட மிச்சமில்லை.

அவள் தீய்ந்த மரம் ஒன்றின் அடிக்கு வந்தாள். அங்கே மண்வெட்டி பட்டு அறுந்த வேர்கள் சுருண்டு காய்ந்திருந்தன. அறுத்த இடத்திலேயே மங்கு நிறைய உரத்தையும் கொட்டியிருக்கிறாள்.

ஏப்ரல் மழையில் மறுபடி ஆரம்பித்தாள். மூட்டையைப் பிரிக்கும்போது வீரமுத்து சொன்னது நினைவுக்கு வந்தது, பிரித்தாள். வேலியோரச் சருகைச் சாக்கில் அள்ளி வந்து, வெறுமையாக்கிய வட்டங்களை எல்லாம் மூடினாள். மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பால் டின்னை எடுத்தாள். டின்னில் பாதி; தண்டை விட்டுத் தள்ளி, கிளை நிழல் விழும் இடம் வரைக்கும் பரவலாக. மழை விட்டு மழை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாள். கைதான் கேட்கவில்லை. ஒரே வீச்சில் எறியப் பழகிய தோள் அது. சருகைக் கண்டால் கால் தானாக ஒதுக்கப் போயிற்று. நின்று, காலை இழுத்துக்கொள்வாள்.

தோட்டத்தில் கூட வேலை செய்த செல்லம்மா ஒருநாள் பார்க்க வந்து, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“என்னாடி இது, குப்பக்காடு கணக்கா. மாயாண்டி மண்டோர் பாத்தா ஒன்ன வீட்டுக்கு அனுப்பிருப்பாரு.”

“வந்து பாக்கட்டும். இது வேற மரம்னு அவருகிட்டயும் சொல்லுவேன்.”

தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை வீரமுத்துவும் திருச்செல்வமும் வந்தார்கள். முன் நிரைகளின் பட்ட மரங்களைத் தாண்டியதும் வீரமுத்துவின் நடை மெதுவாயிற்று. தண்டுகளில் காய்கள் மஞ்சளாகப் பழுத்துத் தொங்கின. ஒன்றை உள்ளங்கையில் தாங்கிப் பார்த்தார். கனத்தது. திருச்செல்வம் எங்கிருந்து ஆரம்பிக்கட்டும் என்று கேட்டான்.

“முன்னால செத்தது மூணு நிரை. அத மட்டும் தள்ளு. அங்க செம்பனை வைக்கலாம்.”

“அங்கயும் கொக்கோதான்,” என்றாள் ராக்கம்மா.

திருச்செல்வம் இரண்டு பேரையும் பார்த்தான். “பேசி முடிச்சிட்டு கூப்பிடுங்க லா அண்ணே,” என்று மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போனான்.

வீரமுத்து கொட்டகைக்குள் போய் மண்வெட்டியை எடுத்து வந்தார். காய் நிறைந்த ஒரு மரத்தின் அடியில் நின்று, அவரும் தோட்டத்து ஆள்தானே, வட்டம் சுரண்டக் கையை ஓங்கினார்.

“கை வைக்காதீங்க.”

மண்வெட்டியை வாங்கிக்கொண்டு சாக்கை நீட்டினாள். வேலியோரம் இன்னும் சருகு கிடக்கிறது, அள்ளி வாருங்கள் என்றாள். அவர் சாக்கைப் பார்த்தார், காய்களைப் பார்த்தார், வேலிப் பக்கம் நடந்தார்.

அவள் முன் நிரைக்குப் போனாள். பட்ட மரம் ஒன்றின் தூரிலிருந்து முழ நீளத்துக்குத் துளிர் கிளம்பியிருந்தது. துளிருக்கு இடம் விட்டுப் பட்ட தண்டை அறுக்க ரம்பத்தை எடுத்தாள்.