படகுக்குக் கன்னி மூலை எது?

ட்ரெய்லர் தொழிலில் இரும்பு சொன்ன பேச்சைக் கேட்கும். அதை வாங்க வருகிறவர்கள்தான் கேட்க மாட்டார்கள். முசரவாக்கத்தில் சாலையோரம் பட்டறை வைத்திருக்கிறேன். டிராக்டர் டிப்பரும் தண்ணீர் டேங்கரும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. கடலே இல்லாத ஊரில் படகு இழுக்க ட்ரெய்லர் கேட்டு ஒருவர் வருவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. வந்தார். பட்டறை வைத்துவிட்டு வாடிக்கையாளரிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிற என் இனத்தாரே, நீங்களாவது என் பக்கம் நில்லுங்கள்.

மூக்குக்கு ஒரு தராசு

வந்தவர் பெயர் குமுதா. பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிற வேலையில் இருந்தவர். அதை விட்டுவிட்டு, செங்கல்பட்டைத் தாண்டி ஓர் ஏரியில் படகு விட அனுமதி கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் அதிகாரி படகைப் பார்த்துச் சரி என்றால் ஏரி அவருக்கு. படகு வராவிட்டாலோ, அடிபட்டு வந்தாலோ அடுத்த ஆளுக்கு. இருந்தது ஒரே படகு. அது பத்திரமாகப் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே இல்லை. அவர் கணவர் சம்பத்துக்கு வேறு நினைப்புகள் நிறைய இருந்தன.

இழுக்கிற வண்டியின் கொக்கியில் மாட்டுகிற முனையை நாங்கள் மூக்கு என்போம். மொத்தக் கனத்தில் பத்தில் ஒரு பங்காவது அந்த மூக்கில் இறங்க வேண்டும். பின்னால் கனம் கூடினால், வேகம் எடுத்ததும் ட்ரெய்லர் வாலை ஆட்டும். இழுக்கிற வண்டியையும் சேர்த்து ஆட்டும். முன்னால் அளவுக்கு மீறினால் இழுக்கிற வண்டி பின்பக்கம் உட்கார்ந்துவிடும். இதையெல்லாம் சொல்லி, மூக்கை நிறுத்துப் பார்க்க ஒரு தராசு வேண்டும் என்றேன். "நம்மகிட்ட இல்லாத தராசா?" என்று சம்பத் ஓடினார். நெசவாளர்களுக்குப் பட்டும் ஜரிகையும் நிறுத்துக் கொடுக்கிற இடத்தில் அவருக்கு வேலை. கொண்டுவந்தது உள்ளங்கை அகலத் தராசு. நான் வாயைத் திறப்பதற்குள் மூக்கை அதன்மேல் இறக்கிவிட்டார். 'டப்' என்று ஒரு சத்தம். அப்புறம் எண்ணே வரவில்லை. என் வெல்டர் தேவராஜ் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்னா சார் நீங்க, மூச்சு விட்டாலே நம்பர் மாறுற மிஷினு மேல படகத் தூக்கி வச்சிட்டீங்களே!"

குடும்பத்தோடு ஒரு போட்டோ

பிறகு அரிசிக்கடைத் தராசை வாங்கிவந்து, படகை முன்னால் கொஞ்சம் நகர்த்தி, மூக்கின் கனத்தைச் சரியாக்கினேன். ட்ரெய்லரைக் கொக்கியிலிருந்து கழற்றி நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். அதுதான் நேரம் என்று குமுதாவின் சொந்தக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். எல்லாரும் படகில் ஏறி, போட்டோவில் எஞ்சின் தெரிய வேண்டும் என்று பின்பக்கம் போய் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

மூக்கு ஆகாயத்துக்குப் போயிற்று. வால் 'தொம்' என்று தரையில் உட்கார்ந்தது. யாருக்கும் அடியில்லை, படகுக்கும் கீறல் இல்லை. குமுதாவுக்குத்தான் அழுகை வந்துவிட்டது. கவிழ்ந்த கூட்டத்திலிருந்து புடவையை உதறிக்கொண்டு எழுந்த அவருடைய பெரியம்மா சமாதானம் சொன்னார்:

"அழாதடி. தண்ணியில எறங்கறதுக்கு முன்னாடியே கவுந்துடுச்சு, கண்டம் கழிஞ்சிது, இனிமே கவுறாது."

வாஸ்து

மறுநாள் சம்பத், சின்ன காஞ்சிபுரத்திலிருந்து கோபாலன் மாமாவைக் கூட்டிவந்தார். வீடுகளுக்கு வாஸ்து பார்ப்பவர். கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், கனமான பொருள் இருந்தே ஆக வேண்டும் என்றார். பட்டறையில் படகு கிழக்கைப் பார்த்து நின்றது. அப்படியானால் தென்மேற்கு எங்கே வரும்? பின்பக்கம், வலது ஓரம். எந்த இடத்தில் கனம் கூடாது என்று நான் தொண்டை வறளச் சொன்னேனோ, அதே இடம். சம்பத் வீட்டிலிருந்து ஆட்டுக்கல் புறப்பட்டுவிட்டது. நாலு பேர் தூக்கிவந்தார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "சாமி, வீடு ஒரே இடத்தில் நிற்கும். இது நகர்கிற பொருள். ரோடு திரும்பினால் மூலையும் திரும்பிவிடுமே?" என்று கேட்டேன். மாமா கொஞ்சமும் அசரவில்லை:

"நகர்ற வஸ்துன்னா மூலைக்கு இன்னும் ஜாஸ்தி கனம் வேணும்னுதானே அர்த்தம்? ஒரு கல்லு போறுமோன்னு நானே யோசிச்சிண்டிருக்கேன்."

வெள்ளோட்டம்

ஆட்டுக்கல்லை இறக்கிவிட்டதாகச் சம்பத் சத்தியம் செய்தார். நம்பினேன். பிக்கப் வண்டியில் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு நான் ஓட்ட, பக்கத்தில் குமுதா, அவர் பக்கத்தில் சம்பத், சர்வீஸ் ரோட்டில் கிளம்பினோம். வேகம் கொஞ்சம் கூடியதும் முதுகில் ஓர் உதறல். கண்ணாடியில் பார்த்தால் படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசுகிறது. தார்ப்பாய்க்கு அடியில் கல் இருக்கிறது என்று அப்போதே புரிந்துவிட்டது.

"பிரேக்கப் போடுங்க!" என்று சம்பத் அலறினார். இந்த நேரத்தில் பிரேக்கை மிதித்தால் ட்ரெய்லர் மடங்கிக்கொண்டு வந்து நம்மையே இடிக்கும். காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். மெல்ல மெல்ல அடங்கி நின்றது. பின்னால் வந்த பஸ் எங்களை ஒட்டி நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கேட்டார்:

"இன்னாபா, ஏரி வரைக்கும் பொறுக்க முடியாம ரோட்லயே துடுப்பு போட்டுக்கினு போறியா?"

தெற்கே பார்த்து

மெதுவாக உருட்டிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினோம். கல் இறங்கினால்தான் வண்டி கிளம்பும் என்றேன் நான். கல் இருந்தால்தான் கிளம்பும் என்றார் சம்பத், மாமாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு. வியாழக்கிழமை மத்தியானமும் ஆகிவிட்டது. குமுதா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது. விடிந்தால் ஏரி கையை விட்டுப் போய்விடும். அதற்குக் காரணம் ஓர் ஆட்டுக்கல்.

திடீரென்று அவர், "மாமா, வண்டி தெக்க பாத்து நின்னா கன்னி மூலை எங்க வரும்?" என்று கேட்டார். மாமா விரலை நீட்டிக் கணக்குப் போட்டு, "முன்பக்கம், வலது ஓரம்" என்றார். உடனே வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொன்னார் குமுதா. கல் முன்னால் போயிற்று. முன்கனம் கூடிவிட்டதால் படகைப் பின்னால் கொஞ்சம் தள்ளி, இடது ஓரத்தில் பேட்டரியையும் சாமான் பெட்டியையும் வைத்து, மறுபடி நிறுத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. பெல்ட் போட்டு இறுக்கினேன். மாமா கற்பூரம் காட்டி, பூஜை ஆன கல்லை இனி யாரும் அசைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். அவர் காலில் விழலாம் போலிருந்தது. இது எப்படித் தோன்றியது என்று குமுதாவைக் கேட்டேன்.

"கடையில கஸ்டமருக்குக் கலர் புடிக்கலன்னா வேற புடவைக்கா போவோம்? அதே புடவைய வெளிச்சத்துக்குத் திருப்பிப் போடுவோம்ணா."

ஏரிக்கரை

வழியெல்லாம் சம்பத் செல்போனில் திசை பார்த்துக்கொண்டே வந்தார். வாலாஜாபாத் போகிற வழியில், "ஐயோ, கல்லு இப்ப அக்னி மூலையில இருக்குது" என்று புலம்பினார். ட்ரெய்லர் மட்டும் துளி ஆட்டம் இல்லாமல் சாதுவாகப் பின்னால் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அதிகாரி படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். எஞ்சின் பார்த்தார், மிதவைச் சட்டைகளை எண்ணினார், கடைசியில் தார்ப்பாயைத் தூக்கினார். "இது எதுக்கும்மா?" என்றார். சம்பத் வாஸ்துவைச் சொல்ல வாயெடுத்தார். குமுதா அவர் காலை மிதித்துவிட்டுப் பதில் சொன்னார். அதிகாரி கல்லைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். குமுதா கரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் கண் கலங்கியது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவர் சொன்ன பதில் இதுதான்:

"நங்கூரம் சார். காஞ்சிபுரத்துப் படகுல இப்டித்தான் போடுவாங்க."

அடுத்த வாரம்

இரும்பை அறுத்துக்கொண்டிருந்தபோது ஒரு போன். தெரியாத குரல். திருப்புட்குழியில் இருக்கிறாராம், சம்பத்துக்கு வேண்டியவராம். நல்லா இருக்கீங்களா என்றுகூடக் கேட்காமல் விஷயத்துக்கு வந்துவிட்டார்:

"கன்னி மூலை முன்னாடி வர்ற மாதிரி புது மாடல் ட்ரெய்லர் நீங்கதான் செய்றீங்களாமே, ஆட்டுக்கல்லோட சேத்து இன்னா ரேட்டுபா?"

ஆர்டரை எடுத்துக்கொண்டேன், எடை, மூக்கு என்று இனி யாரிடமும் பாடம் நடத்தப் போவதில்லை, என் பட்டறையில் எல்லா ட்ரெய்லரும் தெற்கைப் பார்த்தே நிற்கும்.