மீட்டாத கம்பிகள்

திண்டிவனத்தில் பம்புசெட் மோட்டார்களுக்குச் செப்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டுகிறவன் ஆரோக்கிய ஜெனித். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடற்குழுவில் கிதார் வாசிப்பான். சாதாரண மரக் கிதார்தான். இடது கை விரல்களால் பல கம்பிகளை ஒன்றாக அழுத்திக் கார்டு பிடித்து, ஆறு கம்பிகளையும் சேர்த்து அடித்தால் பாட்டு நிறைந்துவிடும்.

போன வருடம் மயிலம் சாலையில் பைக் சறுக்கியதில் இடது கை ஆள்காட்டி விரல் உடைந்தது. எலும்பு கூடியது, விரல் மடங்கவில்லை. வேலைக்கு மற்ற விரல்களைப் பழக்கிக்கொண்டான். கார்டு பிடிக்க மட்டும் முடியவே இல்லை. பாடற்குழுவுக்குப் போவதை நிறுத்தினான். கிதார் பீரோவுக்கு மேல் போயிற்று.

குழுவில் கீபோர்டு வாசிக்கும் பாக்கியசாமி ஒருநாள் தன் எலெக்ட்ரிக் கிதாரையும் சின்ன ஆம்ப்ளிஃபயரையும் கொண்டுவந்து வைத்தார். கார்டு வேண்டாம், ஒவ்வொரு சுரமாக மெட்டை மட்டும் வாசி என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று விரல்களால் ஜெனித் வாசித்துப் பார்த்தான். மெட்டு வந்தது. கூடவே ஓர் உறுமலும் வந்தது. ஒரு கம்பியை மீட்டினால் பக்கத்துக் கம்பிகளும் தாமாக அதிர்ந்தன. மரக் கிதாரில் அவன் கவனித்தே இராத அந்த அதிர்வை ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கியது. வலது உள்ளங்கை ஓரத்தைச் சாய்த்துத் தடித்த கம்பிகளை அடக்கப் பழகினான். மெல்லிய கம்பிகள் அடங்கவில்லை. அவன் மனைவி ஜெசி தன் துணி ஹேர்பேண்டைக் கழற்றிக் கிதாரின் கழுத்தில் மாட்டிப் பார்த்தாள். உறுமல் நின்றது, ஆனால் விரல் வைக்காமல் மீட்டவேண்டிய கம்பிகளும் ஊமையாகிவிட்டன.

இன்னொரு சாயங்காலம் துணிக்கடை வேலை முடிந்து வந்தவள், அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வெரல ஏங்க தூக்கிக்கினே கீறீங்க? வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. அது இன்னாத்துக்கு ஆவும்?"

"சும்மா கம்பி மேல படுக்க வெச்சிப் பாருங்களேன்."

வைத்தான். நீட்டி விறைத்த விரல் மெல்லிய கம்பிகளின் மேல் அப்படியே படுத்தது. உறுமல் அடங்கியது, மெட்டு மட்டும் தனியாக நின்றது. அவன் அதே மெட்டை மறுபடி முதலிலிருந்து வாசித்தான். விபத்துக்குப் பிறகு அந்த விரலைத் தன்னுடையதாகவே அவன் நினைத்ததில்லை.

ஆனால் ஒரேயடியாகக் கைகூடவில்லை. அழுத்தினால் வேறு சத்தம் எழும். விட்டால் கம்பி அதிரும். தொட்டும் அழுத்தாமலும் இருக்க விரலைப் பழக்குவதற்குள் மழைக்காலம் போய்விட்டது.

குழு பாடப் போயிருந்த முகையூர்த் தேவாலயத் திருவிழாவின் காலைத் திருப்பலியில் அவன் மறுபடி வாசித்தான். அவன் இடத்தில் இப்போது, குழுவில் புதிதாகச் சேர்ந்த மலர்விழி கார்டு வாசித்தாள். அவள் பக்கத்தில் நின்று அவன் மெட்டை வாசித்தான். இரண்டாவது சரணத்தில் ஒரு கம்பி நழுவி முனகியது.

ஊர் திரும்பும் வழியில் விழுப்புரத்தில் பஸ் மாறி உட்கார்ந்ததும் ஜெசியிடம் அதைச் சொன்னான்.

"எனக்கும் கேட்டுது," என்றாள் அவள். "அந்த எடத்த வூட்ல போயி இன்னொரு தபா வாசிச்சிப் பாருங்க."