முகூர்த்தத்துக்குப் போன கம்பூட்ஸ்

திருத்தணியில் ஒரு மாப்பிள்ளை கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு தாலி கட்டினான் என்ற செய்தி, ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் போகும்போதே அவனுக்கு ஹெல்மெட்டும் மாட்டிவிட்டது. பள்ளிப்பட்டில் இறங்கியபோது மணப்பெண் ரோடு ரோலரில் வந்ததாகக் கேள்வி. ரோலர் பொய். ஹெல்மெட்டும் பொய். மிச்சத்தை விசாரித்தால் வழி நேராக டெபோராவிடம் போய் நிற்கிறது. பூட்ஸ் அவளுடையது.

புது ரோடு போடுவதற்கு முன் பழைய ரோட்டின்மேல் தார்க்கரைசலைப் பீய்ச்சுவது டெபோராவின் வேலை. மேலே கொட்டும் தார்ஜல்லி கீழே ஒட்டிக்கொள்ள அதுதான் பசை. டேக் கோட் என்பார்கள். அடிக்கும்போது டீ நிறம், தண்ணீர் ஆவியானதும் கறுப்பு. கறுப்பதற்குள் யார் மிதித்தாலும் பசை அவர்கள் காலோடு போய்விடும். அந்த இடத்தில் ரோடு சீக்கிரமே தோலுரியும். குறைந்தால் ஒட்டாது, தேங்கினால் வழுக்கும். அதனால் சேலைமேல் முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, பூட்ஸ் எல்லாம் மாட்டி, ஒரு சாக்கில் பீய்ச்சிப் பார்த்த பிறகே நடப்பாள். நடை மாறாமலிருக்க, சர்ச்சில் பாடும் பாட்டு ஒன்றை மனசுக்குள் ஓட்டுவாள். பாட்டு வேகமெடுத்தால் தார் மெலிந்துவிடும்.

அன்று கல்யாண மண்டபத்துத் தெரு. உள்ளே மேளம் வேகம் பிடிக்கும்போதெல்லாம் அவள் பாட்டும் கூடவே ஓடப் பார்த்தது. குழாயை மூடி நிற்பதும், மேளம் ஓய்ந்ததும் நடப்பதுமாக ஒருவழியாக மண்டப வாசலைத் தாண்டினாள். தெருக்கோடியில் இன்னும் கொஞ்சம் பாக்கி. தார்ஜல்லி ஏற்றிய டிப்பர் கிளம்பிவிட்டதாக மேஸ்திரி பச்சையப்பனுக்கு போன் வந்தது.

அப்போதுதான் மலைமேல் சாமி கும்பிட்டுவிட்டு மாப்பிள்ளை சூர்யபிரகாஷ், அக்கா புருஷனின் பைக்கில் வந்து இறங்கினான். பட்டு வேட்டி, வெறுங்கால். அவனுக்கும் மண்டபத்துக்கும் நடுவே தெரு முழுக்க டீ நிறம்.

"நைனா, நில்லு! கால வெக்காதே!" என்று கத்தினாள் டெபோரா.

"முகூர்த்தம் போவுதுக்கா! பாவா, நீ பைக்க வுடு."

"வுட்டா ரோடும் போச்சு, பைக்கும் படுத்துக்கும்."

"அப்போ நான் தூக்கிகினு போறேன்," என்றான் அந்த அக்கா புருஷன்.

"ஆங், தூக்கு. மாமனும் மச்சானும் சேர்ந்து படுத்துக்குங்க."

மேஸ்திரி தன் ரப்பர் செருப்பைப் பார்த்தார். பிறகு, சம்பந்தமே இல்லாதவர்போல் வானத்தைப் பார்த்தார். டெபோரா பூட்ஸைக் கழற்றினாள்.

"இத மாட்டிக்கோ. சாக்ஸும் போடு, எனக்கே பூட்ஸ் லூசு. மெதுவா போ. வாசப்படி ஏறினதும் இந்தப் பக்கம் தூக்கிப் போட்டுடணும். பூட்ஸ் இல்லாம நான் குழாய தொடமாட்டேன்."

சாக்ஸ் அவள் மகனுடையது. பந்தாட்டத்துக்கு வாங்கிய பச்சை மஞ்சள் பட்டை. அதை மாட்டிக்கொண்டு சூர்யபிரகாஷ் கொக்குபோல் கால் தூக்கி வைத்துக் கடந்தான். படியில் பூட்ஸைக் கழற்றினான். தூக்கிப் போடுவதற்குள் நாலு கை அவனை உள்ளே இழுத்துக்கொண்டது. டெபோரா மறுபடி பார்த்தபோது படியில் பூட்ஸும் இல்லை.

கெட்டிமேளம் கொட்டியது. டெபோரா வேறொரு சாக்கை விரித்து, அதன்மேல் வெறுங்காலோடு நின்றாள். தெருமுனையில் டிப்பர் ஹாரன்.

"என் செருப்ப மாட்டிகினு அந்த மிச்சத்த அடிச்சுடேன் டெபோரா."

"நீ அடி மேஸ்திரி. உன் காலு, உன் செருப்பு."

மேஸ்திரி தன் கால்களை அன்போடு பார்த்துக்கொண்டு பேச்சை விட்டார்.

மண்டப வாசலில் பெண்ணின் தங்கை யுவஸ்ரீ, கையில் பூட்ஸும் கூடத் தோழிகளுமாக வந்து நின்றாள். வடநாட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை செருப்பை ஒளித்துவைத்துக் காசு கேட்பதைப் போனில் வீடியோ பார்த்துக் கற்றிருந்தாள்.

"ஐஸ்கிரீம் தந்தாதான் பூட்ஸ்!"

"அது மாப்பிள்ளது இல்ல கண்ணு, என்னுது!"

"எல்லாரும் இப்டிதான் சொல்லுவாங்க!"

"உள்ள பாரு, டெபோரான்னு பெயிண்ட்ல எழுதியிருக்கும்!"

யுவஸ்ரீ மூக்கை உள்ளே விட்டாள். வெளியே எடுத்தபோது முகம் வேறாக இருந்தது.

"ஐயே! மாமா யாரோ டெபோராவோட பூட்ஸ போட்டுகினு வந்திருக்காரு! அக்காகிட்ட சொல்றேன்!"

"சொல்லு! மொதல்ல பூட்ஸ போடு!"

ஒன்று பறந்து வந்து மேஸ்திரி தொப்பையில் விழுந்தது. மற்றது ஈரத்தில் விழ, டெபோரா குழாயால் இழுத்துக்கொண்டாள். சாக்ஸ் இல்லாமல் பூட்ஸ் ஆடியது. மேஸ்திரியின் தோள்துண்டை உருவி, இரண்டாகக் கிழித்துக் காலில் சுற்றினாள். மேளம் ஓய்ந்திருந்தது. மனசுக்குள் பாட்டு சீராக ஓட, மிச்சத்தையும் முடித்து, மாப்பிள்ளையின் கால்தடங்களைப் பிரஷ்ஷால் தார் தொட்டு மூடினாள். கறுக்கும்வரை டிப்பரைத் தெருமுனையிலேயே நிறுத்தினாள். டிரைவர் திட்டத் தொடங்கினான். மண்டபத்திலிருந்து கேசரிப் பொட்டலம் பறந்து வந்ததும் வாய் வேறு வேலைக்குப் போய்விட்டது.

ஆக, பூட்ஸோடு தாலி கட்டினான் என்பது பொய். ஆனால் கல்யாண ஆல்பத்தில், பெண் அம்மி மிதிக்கும் படத்தில், பட்டு வேட்டிக்குக் கீழே பச்சை மஞ்சள் பட்டை பளிச்சென்று தெரிகிறது. ஐயர் கவனித்தாராம். சாக்ஸ் கழற்ற மந்திரம் கிடையாது என்று விட்டுவிட்டாராம்.

அந்தத் தெரு இன்றுவரை எங்கும் பெயரவில்லை. சூர்யபிரகாஷ் எங்கே டெபோராவைப் பார்த்தாலும் பைக்கை நிறுத்துகிறான்.

"அடுத்த வாட்டி சாக்ஸ கண்டிப்பா எடுத்தாறேன்கா. அவ முகூர்த்தப் புடவையோட பீரோவுல வெச்சி பூட்டிட்டா, தரமாட்டேங்கிறா."

"உன் பொண்டாட்டிக்கு ஞாபகார்த்தம், என் புள்ளைக்கு மேட்ச்சுடா!"

மேஸ்திரி துண்டைக் கேட்டால் மட்டும், சாக்ஸ் வரட்டும் என்கிறாள்.