பன்னிரண்டு பாத்திப் பள்ளிக்கூடம்

பெற்ற பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லும் வேலையில் ஒரே ஒரு வசதி உண்டு: டீச்சரைப் பிடிக்கவில்லை என்று பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிவிட முடியாது, ஓடினாலும் அங்கேயும் நாம்தான் நிற்போம். மற்றபடி சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்தால் கேட்கிற திட்டுக்கும் குறைவு கிடையாது. இந்த வேலையில் மாட்டிக்கொண்டு முழித்த அம்மாக்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள் தாயே, நாமெல்லாம் ஒரே சாதி.

எண்பதுகளில் நான் மாட்டிக்கொண்ட கதை இது. இண்டூரிலிருந்து உள்ளே தள்ளி, வயல்காட்டுக்கு நடுவில் எங்கள் கொட்டாய் வீடு. மூன்றரை ஏக்கர், ஒரு கிணறு, இரண்டு மாடு, இரண்டு பிள்ளைகள். மூத்தவள் கவிதா, சின்னவன் பாபு. பள்ளிக்கூடம் மூன்று மைல். நடுவில் ஒரு ஓடை, அதற்குப் பாலம் வரப்போகிறது என்று பேச்சு. கவிதா இரண்டாம் வகுப்புச் சேர்ந்த வருஷம், ஒரு மழை நாளில் ஓடை பெருக்கெடுத்து, பிள்ளை அக்கரையில் நின்று அழ, நான் இக்கரையில் நின்று அழ, எங்கள் வீட்டுக்காரர் கயிறு கட்டி இறங்கித் தூக்கி வந்தார். "தரைப்பாலம் கட்டி முடிக்கிற வரைக்கும் என் புள்ளைங்க இந்த ஓடையைத் தாண்டாது. நானே சொல்லிக் குடுக்கறேன்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவளுக்கு ரோஷம் அதிகம்.

வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு கண்டிஷன் போட்டார். பாலம் முடிந்ததும் ஹெட்மாஸ்டரிடம் கூட்டிப்போக வேண்டும். வயசுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொண்டால் சரி. கவிதாவை ஒரு வகுப்பு கீழே உட்கார வைத்தாலும், அவள் சேலத்துக்கு அத்தை வீட்டுக்குப் படிக்கப் போய்விட வேண்டும். "உன் பிடிவாதத்துக்குப் புள்ளை படிப்பைப் பாழாக்க முடியாது பாரு" என்றார்.

கரும்பலகை

முதலில் போர்டு வேண்டும். மோட்டார் ரூம் கதவு நல்ல அகலம். கரியையும் கோவை இலைச் சாற்றையும் சேர்த்து அரைத்து மூன்று பூச்சுப் பூசினேன். கன்னங்கரேலென்று எங்கள் டிரெயினிங் ஸ்கூலில்கூட அப்படி ஒரு போர்டு பார்த்ததில்லை. பாப்பாரப்பட்டிச் சந்தையில் சாக்பீஸ் வாங்கி, 'அ' போட்டு, பக்கத்தில் வால் தூக்கிய அணில் ஒன்று வரைந்தேன். பாபு அதற்குத் தினமும் நிலக்கடலை வைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு மாதம் கழித்து, மோட்டார் ஓடவில்லை என்று வயர்மேன் வந்தார். கதவுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். படிப்பு வாசனை உள்ள மனுஷன், பாடத்தை ரசிக்கிறார் என்று நினைத்து, "எப்படிங்க இருக்குது?" என்று பெருமையாகக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "ஏங்க, அபாயம்னு நான் போட்டிருந்த மண்டை ஓட்டை அழிச்சுட்டு அணில் வரைஞ்சு வெச்சிருக்கீங்க. அணிலைப் பார்த்து யாருங்க பயப்படுவாங்க?"

வாய்ப்பாடும் வெங்காயமும்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மணி அடித்தது மின்சார வாரியம்தான். மூணு பேஸ் கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது மோட்டார் போட்டு வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டியாக வேண்டும். பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு மூவரும் ஓடுவோம். ஒரு வாரம் பார்த்தேன். இப்படிப் போனால் பிள்ளைகளுக்கு மண்வெட்டி பிடிக்கத்தான் வரும் என்று தோன்றியது. சரி, பாடத்தையும் காட்டுக்கே கொண்டுபோய்விட்டேன். ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு பாத்தி. ஒரு பாத்தி நிரம்புகிற வரைக்கும் வாய்ப்பாட்டில் ஒரே வரியைச் சொல்லிக்கொண்டே நிற்க வேண்டும். நிரம்பியதும் மடையை மாற்றி அடுத்த பாத்தி, அடுத்த வரி. வரிசை முடிந்தால் ஒரு வாய்ப்பாடு முடிந்தது. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் பத்தோடு நிறுத்தினால் என் பிள்ளைகள் பன்னிரண்டு வரை போவார்கள். கவிதா சின்ன மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, கணுக்கால் சேற்றில் நின்று, 'மூவெட்டு இருபத்திநாலு' என்று கத்துவாள். எனக்குப் பூரித்துப் போகும்.

ஒருமுறை இரண்டு பேருக்கும் காய்ச்சல். தினமும் பிள்ளைகள் பக்கத்திலேயே களை எடுக்கிற சின்னப்பொண்ணுவைத் தண்ணீர் கட்டச் சொன்னேன். எத்தனையோ வருஷமாகத் தண்ணீர் கட்டுகிற கை அது. அரை மணி நேரத்தில் திரும்பி வந்து நின்றாள். பாத்தி உடைந்து பாதை முழுக்கச் சேறு. "என்னாச்சு?" என்றேன். "என்னை என்னம்மா பண்ணச் சொல்றே? நாலாம் வாய்ப்பாடு போவுதா, அஞ்சாம் வாய்ப்பாடு போவுதான்னு காதுல விழாம எனக்கு மடை மாத்தவே வரமாட்டேங்குது!"

பசுவைப் பற்றி ஐந்து வரி

அரைப் பரீட்சை வைத்தேன். கேள்வித்தாள் எல்லாம் தயார் பண்ணி, கண்காணிப்பாளராக நானே விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். பசுவைப் பற்றி ஐந்து வரி எழுதுக. கவிதா எழுதியது: 'பசு நமக்குப் பால் தராது. கன்றுக்குட்டியை இழுத்துக் கட்டிவிட்டு நாம்தான் கறந்துகொள்கிறோம். அம்மா கறந்தால் உதைக்காது. அப்பா கறந்தால் உதைக்கும். அப்பா திட்டும் வார்த்தையை எழுதக் கூடாது.'

மார்க் போடுவதா, முதுகில் ஒன்று போடுவதா என்று புரியவில்லை. பால் சொசைட்டிக்காரர் கேனோடு வந்திருந்தார். அவரிடம் நோட்டைக் காட்டினேன். படித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "முழு மார்க் போடுங்கம்மா. ஆனா நோட்டை எங்க மாட்டுக் கண்ணுல காட்டிராதீங்க."

ஒன்று எங்கே போனது

பாபுவுக்கு எண்ணிக்கை நான் சொல்லித் தரவில்லை. ராகிக் களத்தில் அவனே கற்றுக்கொண்டான். அங்கேதான் வம்பு. எங்கள் பக்கம் களத்தில் வள்ளம் என்கிற அளவைப் பாத்திரத்தில் தானியம் அளக்கும்போது, முதல் வள்ளத்துக்கு 'ஒண்ணு' என்று யாரும் சொல்வதில்லை. 'லாபம்' என்றுதான் ஆரம்பிப்பார்கள், அப்போதுதான் தானியம் பெருகுமாம். லாபம், ரெண்டு, மூணு. பாபுவும் கோழியை எண்ணினாலும் லாபம், ரெண்டு, மூணு. தேங்காயை எண்ணினாலும் லாபம்தான். "ஒண்ணுன்னு சொல்லுடா" என்று நான் மண்டையில் அடித்துக்கொண்டால், "அப்பா சொல்லலையே" என்பான். விரலை நீட்டி, "இது எத்தனை?" என்று கேட்டேன். "லாபம்."

வீட்டுக்காரரிடம் மல்லுக்கு நின்றேன். பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேருகிற வரைக்குமாவது களத்தில் ஒண்ணு என்று சொல்லி அளங்கள், கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்றேன். மனுஷன் வள்ளத்தைக் கீழேகூட வைக்கவில்லை. "நீ புள்ளைக்கு ஒண்ணுன்னு சொல்லிக் குடு, நான் வேணாங்கலை. அதுக்காக நம்ம ராகியை ஒண்ணோட நிறுத்திக்க முடியுமா?"

சேலத்திலிருந்து வந்த அத்தை

இரண்டாம் வருஷக் கோடையில் நாத்தனார் சரோஜா வந்தாள். நல்லவள். கவிதா மேல் உயிர். அதுதான் எனக்குப் பயம். அவள் மகள் வாசலில் நின்று கையை ஆட்டி ஆட்டி இங்கிலீஷ் பாட்டு மூன்று பாடினாள். "இப்ப நீ சொல்லு சாமி, ஆறாம் வாய்ப்பாடு" என்றாள் சரோஜா. கவிதா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்கவில்லை. தாஜா பண்ணினேன், முறைத்தேன், தொடையில் ரகசியமாகக் கிள்ளினேன். நட்டுவைத்த கல் மாதிரி நின்றாள். முந்தின நாள்தான் அதே ஆறாம் வாய்ப்பாட்டை வெங்காயக் காடே அதிரக் கத்தியிருந்தாள்.

சமையலறைக்குள் போய் வெங்காயம் உரித்தேன். எங்களிடம் வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை, அழ நினைத்தால் வேண்டிய மட்டும் அழலாம். பிள்ளை போய்விடுவாள் என்று அன்றைக்குத்தான் நிஜமாகவே பயந்தேன். ஓடையில் பாலத்துக்கு அப்போதே கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தார்கள். சரோஜா பின்னாலேயே வந்து தோளைத் தொட்டாள். "கோவிச்சுக்காதீங்க அண்ணி. பாலம் முடிஞ்சதும் நானே வந்து கூட்டிக்கிட்டுப் போறேன். நீங்க பொட்டியை மட்டும் கட்டி வைங்க."

ஹெட்மாஸ்டர் ரூம்

பாலம் முடிந்தது. ஜூன் மாதம், இரண்டு பிள்ளைகளுக்கும் எண்ணெய் வழிய வழியத் தலைவாரி, நான்கு பேரும் பாலத்தில் நடந்தே போனோம். நியாயமாகப் பார்த்தால் கவிதா நாலாம் வகுப்பு, பாபு இரண்டாம் வகுப்பு. ஹெட்மாஸ்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ஆசாமி. பாபுவிடம் ஒரு சாக்பீஸ் டப்பாவைக் கொடுத்து, எண்ணச் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "லாபம், ரெண்டு, மூணு…" என்று கணீரென்று ஆரம்பித்தவன் முப்பத்தெட்டில் வந்து நின்றான்.

"முதல்ல என்னப்பா சொன்னே?" என்றார். "லாபங்க சார். ஒண்ணுன்னு சொன்னா சாக்பீஸ் சீக்கிரம் தீர்ந்துரும்" என்றான். வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். ஹெட்மாஸ்டர் டப்பாவைத் தானே ஒருமுறை எண்ணிப் பார்த்தார். சரியாக முப்பத்தெட்டு. "ரெண்டாம் வகுப்புல போட்டுக்கறேன். ஸ்டாக் ரெஜிஸ்தரும் இனிமே இவனே எழுதட்டும், எனக்கு எப்பவும் குறையுது."

ஏழாம் வாய்ப்பாடு

அடுத்தது கவிதா. "ஏழாம் வாய்ப்பாடு சொல்லும்மா." கையைக் கட்டினாள். நின்றாள். சத்தமே இல்லை. "எட்டு?" இல்லை. "சரி, ரெண்டாவது சொல்லு." அதுவும் இல்லை. "பேசுமா?" என்று என்னைக் கேட்டார். "நல்லாப் பேசும் சார், இங்க பேசலை" என்றேன். என் காதுக்கே அது கேவலமாகக் கேட்டது. "தம்பியோட ரெண்டாம் வகுப்புலயே உட்காரட்டும். ஒண்ணும் குடிமுழுகிப் போயிராது" என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார். குடி முழுகிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. சரோஜா கொடுத்துவிட்டுப் போன புதுப் பெட்டி பரண்மேல் இருப்பது ஞாபகம் வந்தது.

கவிதா மட்டும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பள்ளிக்கூடத் தோட்டம். கத்தரிச் செடி வைத்த ஐந்து பாத்தி. வாட்ச்மேன் தொட்டித் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட்டுப் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். "சார், மடை ஒடைஞ்சு தண்ணி வீணாப் போவுது!" என்று ஒரு கத்துக் கத்திவிட்டு, யார் சொல்லுக்கும் காத்திராமல் வெளியே ஓடினாள். நாங்களும் பின்னால் ஓடினோம். புதுப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலாலேயே மண்ணை அணைத்து உடைப்பை அடைத்தாள். வாட்ச்மேன் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி முதல் பாத்திக்கு மடையைத் திறந்தாள். தண்ணீர் உள்ளே பாய்ந்ததும், கேட்காமலே வாய் தானாகத் திறந்துகொண்டது. "ஓரேழு ஏழு! ஓரேழு ஏழு!" அடுத்த பாத்தி. "ஈரேழு பதினாலு!" மூவேழு, நாலேழு என்று போய், "ஐயேழு முப்பத்தஞ்சு!" என்று கடைசிப் பாத்தியை நிரப்பிவிட்டு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். வகுப்புப் பிள்ளைகளெல்லாம் ஜன்னலில் தொங்கினார்கள்.

"அப்புறம்?" என்றார் ஹெட்மாஸ்டர். "அஞ்சு பாத்திதானே சார் இருக்குது?" என்றாள் கவிதா. "மறுபடி முதல் பாத்திக்கு விட்டுக்கிட்டு மேல சொல்லேன்." "அது நிரம்பிருச்சுங்க சார். செடி அழுகிரும்." எதிர்த்துப் பேசிவிட்டாளே என்று நான் பதறிப்போய், எங்கள் காட்டில் வரிசைக்குப் பன்னிரண்டு பாத்தி இருக்கிற சங்கதியை, அழுகையும் பேச்சுமாகக் கொட்டித் தீர்த்தேன். ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, வாட்ச்மேன் பக்கம் திரும்பினார். "நாளைக்கு இன்னும் ஏழு பாத்தி போடுப்பா. இந்தப் பொண்ணு நாலாம் வகுப்பு."

அவர்கள் போன பிறகு

திங்கட்கிழமை இரண்டு பேரும் பையை மாட்டிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனார்கள். பாபு திரும்பிக் கையாட்டினான். கவிதா திரும்பவே இல்லை. சந்தோஷம்தான், இல்லை என்று சொல்வேனா? சாயந்திரம் வந்துவிடுவார்கள், தட்டில் சோறு போட்டு எதிரில் உட்கார்ந்து பார்க்கலாம். பரண்மேல் இருந்த பெட்டியில் விதை வெங்காயம் கட்டி வைத்துவிட்டேன். ஆனாலும் மோட்டார் ரூம் கதவில் அணில் தனியாக வால் தூக்கி நின்றதைப் பார்த்துவிட்டு, நானே போய் அதற்கு நாலு நிலக்கடலை வைத்தேன்.

பதினோரு மணிக்கு மூணு பேஸ் வந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நானே இறங்கினேன். எதையோ நினைத்துக்கொண்டே நின்றதில் நாலாவது பாத்தி உடைந்து தண்ணீர் பாதைக்குப் போய்விட்டது. வரப்பிலிருந்து சின்னப்பொண்ணு சத்தம் போட்டாள்: "சும்மா நின்னா தண்ணி எப்படிம்மா ஒழுங்காப் போவும்? எந்த வாய்ப்பாடுன்னு வாயைத் திறந்து சொல்லு, ஒம்பதாவது வரைக்கும் எனக்கும் வந்துருச்சு!"

ஆக, இரண்டு வருஷத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பாஸானவர்கள் மொத்தம் மூன்று பேர், மடை மாற்ற வராத டீச்சரம்மா மட்டும்தான் பெயில்.