ஜெர்சியை ஒளித்த நாள்

எங்கள் காங்கேயம் காளையைப் பார்க்கக் கண்காட்சிக் குழு வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் யாருக்குமே இறங்கவில்லை. காளை மட்டும் வழக்கம்போல் தின்றது.

முதல் வரிசையில் நிறுத்தத் தகுந்த சுத்தமான காளை எது என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அந்தக் குழுவின் வழக்கம். தேர்வாகிவிட்டால் சுற்றுவட்டாரத்துப் பசுக்களெல்லாம் இனச்சேர்க்கைக்கு எங்கள் வாசலுக்குத்தான் வரும். சித்தப்பா அதற்காகவே தவம் கிடந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துப் பழகிய மனிதர். காளையின் திமிலைக்கூட ஏற்றுமதித் துணி மாதிரி ட்யூப்லைட் வெளிச்சத்தில்தான் பார்ப்பார்.

இடைஞ்சல் ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டில் ஒரு ஜெர்சிக் கலப்பு மாடும் இருந்தது. காளையைப் பெற்ற பசு கறப்பது கன்றுக்கே சரியாகிவிடும். குடும்பமே குடித்தது ஜெர்சியின் பாலைத்தான். ஆனால் கலப்பு மாடு நிற்கிற வீட்டுக் காளையைக் குழுத் தலைவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டாராம். காளைக்கு நாலு தலைமுறை விசாரிப்பவர், அதற்கு முன்னால் காளைக்காரர் குடும்பத்தையும் விசாரிப்பாராம்.

"காலையில ஜெர்சியைக் குடோனுக்குள்ள ஓட்டிப்போடலாமுங்கண்ணி. அது கத்தாம நீங்க கூடவே இருந்துக்குங்க" என்றார் சித்தப்பா.

அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தையல் வேலைக்கு வந்து, அதே கம்பெனியில் இருந்த அப்பாவை விரும்பிக் கட்டிக்கொண்டவர். அத்தனை வருடமாகியும் எங்கள் ஊர்ப் பேச்சு அவர் வாயில் ஏறவில்லை.

"சரி, பாத்துக்கிடுதேன்" என்றார். அப்பா காளையின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒரு மாட்டையே ஒளித்து வைக்கும் வீட்டில் பிறக்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கும்? விடிந்ததும் வீட்டுக்குப் பின்னாலிருந்த எங்கள் குடோனில், பனியன் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவே ஜெர்சியும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். சித்தப்பாவோடு சேர்ந்து நானும் ஷட்டரை இறக்கினேன்.

தலைவர் வந்தார். குலத்தில் எந்தக் கூட்டம், குலதெய்வக் கோயில் எங்கே என்று சித்தப்பாவிடம் கேட்டுத் திருப்திப்பட்டார். அப்புறம்தான் காளையிடம் போனார். கொம்பைத் தொட்டார், சுழி பார்த்தார், குளம்பைத் தூக்கச் சொன்னார். அம்மா பிளாஸ்க்கில் போட்டு வைத்திருந்த டீயை ஊற்றிக் கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். "நாட்டு மாட்டுப் பாலுன்னாவே தனிதானுங்க. வாசத்துலயே தெரிஞ்சுபோகுது."

சிரிப்பு வெடித்துவிடாமல் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஊட்ல அம்மிணி இல்லீங்களா?" என்று கேட்டார்.

"அவசர ஷிப்மெண்டுங்க. அண்ணி கம்பெனிக்குப் போயிருக்கறாங்க" என்றார் சித்தப்பா. கண் இமைக்காமல் சொன்னார். அன்றைக்கு எனக்கு அவர்தான் கடவுள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் காளையின் திமிலைத் தட்டினார். "சுத்தமான வம்சமுங்க. முதல் வரிசையில நிறுத்திப்போடலாம்."

சித்தப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அவர்கள் வண்டி தெருவைத் தாண்டியதும் நான் குடோனுக்குப் பறந்தேன். அம்மா ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து ஜெர்சியின் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"ஜெயிச்சுட்டோம்மா. உன்ர டீயைக் குடிச்சுப்போட்டு, நாட்டு மாட்டுப் பாலு வாசத்துலயே தெரியுதுன்னாங்க."

"அப்படியா ஏட்டி சொன்னாவ?"

அம்மா சிரித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார். பிறகு ஜெர்சியின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டார். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. பஞ்சுத் தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தேன். அந்தக் குடோனில் தூசி இல்லாத நாள் ஏது?

மாட்டைப் பிடித்துக்கொள்ள, குடோனில் வேஸ்ட் பண்டல் கட்டும் ஆட்கள் அன்று வெளியே சும்மாதான் நின்றிருந்தார்கள். அம்மா எதற்கு உள்ளே போக வேண்டும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அன்று நாங்கள் ஒளித்தது ஜெர்சியைத்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.