பனையேறிக் கெண்டையும் நதியாவின் விரல்களும்

நதியாவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை எங்கள் ஊர் தாமலில் நான் பார்த்ததில்லை. இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாள். என் ஆட்டோ கொஞ்சம் சாய்ந்தால் போதும், "மெதுவா போங்கண்ணா, ஏசுவே!" என்று என் தோளைப் பிய்த்துவிடுவாள். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் புடவை மடிக்கிற வேலை அவளுக்கு. விரலில் துளி சொரசொரப்பு இருந்தாலும் பட்டில் இழை மாட்டிக்கொள்ளும் என்று கையைக் கண்ணாகப் பார்த்துக்கொள்வாள். அதனால் மீனைத் தொடமாட்டாள். வீட்டில் மீன் ஆய்வதெல்லாம் அவள் புருஷன் யேசுதாஸ்தான். அவள் எட்ட நின்று, எந்த முள் எங்கே இருக்கிறது என்று பயத்தோடு பார்த்துக்கொண்டிருப்பாள்.

யேசுதாஸ் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். ஆனால் வைகாசியில் ஏரி வற்ற ஆரம்பித்தால் போதும், பிரஷ்ஷை மூலையில் போட்டுவிட்டு இறங்கிவிடுவான். வலை கிடையாது, தூண்டில் கிடையாது, இரண்டு கைதான். தண்ணீரைக் கலக்கிவிட்டு நின்றால் பனையேறிக் கெண்டை மூச்சு வாங்க மேலே வந்து போகும். குமிழி எழுந்த இடத்தில் இரண்டு கையையும் குடைபோல் கவிழ்த்துச் சேற்றோடு அமுக்கி, தலைப்பக்கம் பிடிப்பான். வால்பக்கமிருந்து கையை ஓட்டினால் முதுகு முள் அத்தனையும் நிமிர்ந்து உள்ளங்கையைக் கிழித்துவிடும்.

எனக்கு அந்த மீனைக் கண்டாலே ஆகாது. மற்ற மீனெல்லாம் தரையில் போட்டால் துடித்துச் சாகும், இது நடந்து போகும். செவுளுக்கு மேலே காற்றைப் பிடித்து வைக்கத் தனியாக ஓர் அறை இருக்கிறதாம். செவுள் மூடியின் ஓரம் முழுக்க ரம்பப் பல். அதை விரித்துத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி, ஈரம் தேடி ஊர்ந்துவிடும். பாத்திரத்தில் போட்டு மூடி வைத்தாலும் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இப்படி ஒரு மீனை யார் கேட்டது?

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஓரிக்கையில் நதியாவின் தங்கை வீட்டு விசேஷத்துக்கு அவர்களை நான் கூட்டிப்போக வேண்டும். யேசுதாஸ் ஏரியிலிருந்து ஏறுகிற வழியாக இல்லை. நானும் நதியாவும் கரையில் நின்றுகொண்டிருந்தோம். அவன் வாயில் ஒரு பனையேறிக் கெண்டை தொங்கிக்கொண்டிருந்தது. பையில் போடக் கரைக்கு வந்தால் அடுத்த மீன் ஓடிவிடும் என்று, பிடித்த மீனின் தலையைப் பல்லால் கவ்விக்கொண்டு கையை அடுத்ததற்குக் கொடுப்பது எங்கள் ஏரியில் எல்லோரும் செய்கிற வேலை. நானும் செய்திருக்கிறேன்.

"ஏங்க, நேரமாவுது, வாங்க!" என்று நதியா கத்தினாள்.

அவன் இரண்டு கைகளும் சேற்றுக்குள் ஒரு பெரிய விராலை அமுக்கிக்கொண்டிருந்தன. அந்தச் சந்தோஷத்தில் "விராலு, நதி!" என்று சொல்ல வாயைத் திறந்தான்.

வாயிலிருந்த கெண்டை வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. விராலை விட்டான், தொண்டையைப் பிடித்தான். நாங்கள் இழுத்துக் கரையில் போட்டபோது கண் இரண்டும் பிதுங்கியிருந்தன, வாய்க்குள் வால் நுனி மட்டும் தெரிந்தது. பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த அர்ஜுனன் ஓடிவந்து வாலைப் பிடித்து இழுக்கக் கையை நீட்டினான்.

"இழுக்காதீங்க! முள்ளு நிமிந்துக்கும்! தொண்ட கிழிஞ்சிடும்!" என்று நதியா அலறினாள். அலறிக்கொண்டே தன் இரண்டு விரலை அவன் வாய்க்குள் விட்டு வாலைப் பிடித்தாள். இழுக்கவில்லை. விட்டால் அது செவுளை ஊன்றி இன்னும் உள்ளே போகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அப்படியே ஆட்டோவில் தூக்கிப் போட்டோம். நெடுஞ்சாலையில் ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். பின்னால் அவன் மூச்சு ஊசி முனை அளவுக்கு விசிலடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நின்றால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. வேறு மீனாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் செத்து அடங்கியிருக்கும். இது காற்றைக் குடித்துப் பிழைக்கிற சனியன். யேசுதாஸுக்கு மிச்சம் இருந்த துளிக் காற்றில் அதுவும் பங்கு கேட்டது.

"நவுருதுண்ணா! உள்ள போவுதுண்ணா!"

"புடிச்சுக்கோம்மா, விட்டுடாத. கீழம்பி வந்துட்டோம், இன்னும் கொஞ்ச தூரம்தான்."

"கடிக்கிறாருண்ணா!"

கண்ணாடியில் பார்த்தேன். அவள் மணிக்கட்டு வழியாக ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. அப்புறம் நான் கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை.

காஞ்சிபுரத்துக்குள் நுழைந்தால் வைகாசித் திருவிழாக் கூட்டம், தெரு அடைத்துக் கிடந்தது. ஹாரனிலிருந்து கையை எடுக்காமல், கத்தி, திட்டி, அழுது, எப்படியோ ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அப்போது விசில் சத்தம் விட்டுவிட்டுத்தான் வந்தது. டாக்டர்கள் அவன் கழுத்தில் துளை போட்டு மூச்சுக்கு வழி செய்தார்கள். அப்புறம்தான் மீனை எடுத்தார்கள். தட்டில் போட்டபோதும் அது செவுளை விரித்து மூடிக்கொண்டிருந்ததாம்.

யேசுதாஸ் பிழைத்து வீட்டுக்கு வந்தான். நதியாவின் இரண்டு விரலிலும் தையல். கொஞ்ச நாளைக்குப் புடவை மடிக்க முடியாது. பார்க்க வந்தவர்களெல்லாம் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். பயந்தாங்கொள்ளிக்குள் இவ்வளவு தைரியமா என்று நானும் என் பங்குக்குக் கிண்டல் செய்தேன்.

அவள் சிரிக்கவில்லை. எல்லோரும் போன பிறகு, என்னை வைத்துக்கொண்டே அவனிடம் சொன்னாள்.

"எனக்கு தைரியம் இன்னா இருக்குது? நீங்க கடிச்சப்போ உயிரே போச்சு. வால விட்டுட்டு கைய உருவப் பாத்தேன். ரெண்டு வாட்டி பாத்தேன். வரல. உங்க பல்லுல மாட்டிக்கினு இருந்துச்சு. அதான் புடிச்சுக்கினு இருந்தேன்."

சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

யேசுதாஸுக்குக் குரல் இன்னும் சரியாகத் திரும்பவில்லை. கழுத்துக் கட்டைக் கையால் அமுக்கிக்கொண்டு மெல்லச் சொன்னான்.

"தெரியும் நதி. நீ கைய எடுத்துடுவியோன்னுதான் கடிச்சேன்."