ஒரே ஒரு செட் பலகை

பள்ளம் தோண்டும் இடத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளன் என்றால், எல்லோரும் வேலை செய்துகொண்டிருக்கும்போது அதை நிறுத்தச் சொல்லிச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் என்று அர்த்தம். ஆரஞ்சு கோட்டு மாட்டிக்கொண்டு வெயிலில் பள்ளத்து ஓரம் நிற்கிற என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பாதாளச் சாக்கடைக் குழாய் பதிக்கிற ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் இருக்கிறேன். பள்ளம் ஆள் உயரத்துக்குப் போனால் இரண்டு பக்கச் சுவருக்கும் பலகை வைத்து, நடுவில் இரும்பு ஜாக்கியால் முட்டுக்கொடுக்க வேண்டும். முட்டு இல்லாத பள்ளத்தில் யாரும் இறங்கக் கூடாது. என் வேலை மொத்தமே இவ்வளவுதான்.

தெரிந்த மண்

விழுப்புரத்தில் முதல் நாள் ஆட்களை உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். இது பழைய ஏரி மண், காய்ந்தால் கல் மாதிரி நிற்கும், ஈரம் பட்டால் சொல்லாமல் சரியும் என்றேன். பாதிப் பேர் பீடி பற்றவைத்தார்கள். கடைசிவரை கேட்டவர் ஏழுமலை ஒருவர்தான். குழாய்களை இணைப்பவர், பள்ளத்துக்குள் முதலில் இறங்குகிறவர். அவர் மனைவி செல்வி அதே வேலைக் குழுவில் மேலே மண் அள்ளுவார்.

நான் கொடுத்த ஹெல்மெட்டை டீ குடிக்கும்போதுகூடக் கழற்றாத ஒரே மனிதரும் ஏழுமலைதான். எனக்குச் சந்தோஷம். ஆனால் பலகை விஷயத்தை எடுத்தால் சிரிப்பார். "இருவது வருசமா மண்ணுலதான் கீறேன் சார். மண்ணுக்கு என்னிய நல்லா தெரியும்."

மண்மேடு

தோண்டிய மண்ணைப் பள்ளத்தை விட்டு நாலடி தள்ளிக் கொட்டச் சொல்வேன். விளிம்பிலேயே கொட்டினால் அந்தப் பாரமே சுவரைத் தள்ளிவிடும். தள்ளிக் கொட்டினால் அது ஒரு ஸ்வீட் ஸ்டால் வாசலை அடைத்தது. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் மண் மறுபடியும் விளிம்பில் இருந்தது. மேஸ்திரியைக் கேட்டேன், அவர் கடைக்காரரைப் பார்த்தார்.

கடைக்காரர் நல்ல மனிதர்தான், எனக்கு ஒரு டீ சொன்னார். பிறகு பொறுமையாக விளக்கினார். "உள்ள எறங்கறவன் ஒரு மணி நேரம் எறங்கிட்டுப் போயிடுவான். நான் பொழுதன்னிக்கும் இங்கதானே உக்காந்துக்கினு கீறேன்."

ஏணி

ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு ஏணி இருக்க வேண்டும். சண்டை போட்டு ஒன்று வாங்கிவைத்தேன். மூன்றாம் நாள் காணோம். ஏழுமலை குழாய் மேல் கால் வைத்து, விளிம்பைப் பிடித்துத் தொங்கி மேலே வந்துகொண்டிருந்தார்.

ஏணி எங்கே என்றேன். பக்கத்துத் தெருவில் காதுகுத்து, பேனர் கட்டுவதற்கு ஏழுமலைதான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவர் ரொம்பக் கரிசனமாகச் சொன்னார். "பாவம், அவுங்க உயரத்துல ஏறணும் சார். வுழுந்துட்டா பேஜாரு."

பலகை

இரண்டு ஊருக்கும் சேர்த்துக் கம்பெனியிடம் இருந்தது ஒரே ஒரு செட் பலகை. சோதனை போட அதிகாரி எந்த ஊருக்கு வருகிறாரோ அந்த ஊருக்கு அது லாரியில் போகும். பள்ளத்தில் நிறுத்துவோம், போட்டோ எடுப்போம், பிரித்து ஏற்றுவோம். போட்டோ எடுத்தது நான்தான். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

இன்னொரு செட் கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். கடைசியில் மேனேஜரை நேரிலேயே பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "ரெண்டு ஊர்லயும் ஒரே நாள்லயா சார் மண்ணு சரியப் போவுது?"

ஐந்து நிமிடம்

அன்று பலகை திண்டிவனத்தில் இருந்தது. விழுப்புரத்தில் முதல் நாள் இரவு மழை. பலகை வரும்வரை யாரும் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஆனால் எங்கள் பொக்லைன் இடித்ததில் அந்தத் தெருவின் குடிநீர்க் குழாய் உடைந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பெண்கள் காலிக் குடத்தோடு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. பள்ளத்துக்குள் அந்தக் குழாயில் ஒரு இணைப்புதான் பாக்கி, அஞ்சு நிமிசம் சார் என்றார் ஏழுமலை. வேண்டாம் என்றேன். அவர் இறங்காமல் நின்றார். குடங்கள் நகரவில்லை. அவர் மறுபடி கேட்டார். நான், "சரி, ஜல்தி ஏறிடு" என்றேன்.

பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. விளிம்பில் இருந்த மண்மேட்டோடு சுவர் அப்படியே உட்கார்ந்தது. ஏழுமலையின் கழுத்துவரை மண். பொக்லைனை இறக்காதே, அவரையே வெட்டிவிடும் என்று கத்தினேன். மண்வெட்டியாலும் கையாலும் அள்ளினோம். செல்வி எங்கள் எல்லோரையும்விட வேகமாக அள்ளினார். முகம் வெளியில்தான் இருந்தது, ஹெல்மெட்டும் தலையில் இருந்தது. மண் நெஞ்சை இறுக்கியதில் மூச்சை இழுக்க முடியவில்லை. இடுப்புவரை தோண்டியபோது அவர் போய்விட்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் செல்வி என் பக்கத்தில் வந்து நின்றார். நகக்கண்ணெல்லாம் மண். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார். "இன்னொரு தபா வேணாம்னு சொல்லியிருக்கலாமே சார். நீங்க சொன்னா கேக்கற ஆளுதானே அது."

அடுத்த வாரமே விழுப்புரத்துக்கென்று தனியாக ஒரு செட் பலகை வந்து இறங்கியது. அதையும் நிறுத்திப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள், அனுப்பிவைத்தேன்.